ஓடாத சில்லின் விலை

“பாவிக்காத பொருள் விற்பனைக்கு உண்டு” என்னும் தொடரை விளம்பரங்களிலே அடிக்கடி காண்கின்றோம். பாவிக்காத தையல் இயந்திரம், பாவிக்காத மேசை, பாவிக்காத குளிர்சாதனப் பெட்டி என்று நாள்தோறும் எத்தனையோ பொருள்கள் விலைக்கு வருகின்றன. இத்தொடரின் பொருள் யாது என்று நாம் நின்று சிந்திப்பதில்லை. புதியது, ஆகவே நல்லது என்று கொண்டு அப்பாற் சென்றுவிடுகின்றோம். அவ்வாறு கொள்வது எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துமா? ஓடுவதற்கென்றே பிறந்த பொருளொன்று, ஒரு நாளேனும் ஓடாமல் விலைக்கு வரும்போது, அதன் தகுதியை எதனைக்கொண்டு அளப்பது? இக்கேள்வியை என்னுள்ளே எழுப்பியவன் என் பழைய மாணவன் ஒருவன். எழுப்பிய பொருள்கள் நான்கு மோட்டார்ச் சில்லுகள்.

2019ஆம் ஆண்டுக் கோடையிலே, இலண்டன் மாநகரின் புறநகர் ஒன்றில், அவனுடைய வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்திலே என்னிடம் தமிழ் படித்தவன். இப்பொழுது இரு பிள்ளைகளுக்குத் தந்தை. வீட்டை ஒட்டியிருந்த மோட்டார்க் கொட்டகையிலே நான்கு அட்டைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஒருநாள் மாலை அவற்றைச் சுட்டிக்காட்டி, “மாஸ்ரர், இதுகளை விக்கவேணும். எங்களுக்குக் கட்டுரை எழுதப் படிப்பிச்சனீங்கள். ஒரு நல்ல விளம்பரம் எழுதித் தாருங்கோ” என்றான்.

பெட்டியைத் திறந்தான். யப்பானிலே செய்யப்பட்ட கலப்புலோகச் சில்லு. வெண்கல நிறம், ஆறு ஆரங்கள், தூசி படியாத பளபளப்பு. கதையையும் சொன்னான். சில ஆண்டுகளுக்கு முன் அவனிடம் சுபாறு இம்பிறெசா எஸ்.ரி.ஐ. என்னும் வேக வண்டியொன்று இருந்தது. அதற்கென்று மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேமித்து இச்சில்லுகளை வாங்கினான். அவை வந்து சேர்ந்த சில வாரங்களில், இரண்டாவது பிள்ளை பிறக்கவிருக்கும் செய்தியும் வந்து சேர்ந்தது. வேக வண்டி விலைப்பட்டது. குடும்பத்துக்கேற்ற வண்டி வந்தது. சில்லுகள் மட்டும் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன. பாவிக்காத சில்லு விற்போர் பலருடைய கதையும் ஏறக்குறைய இதுவே. வண்டி போயிருக்கும், அல்லது அளவு தவறியிருக்கும், அல்லது வாழ்க்கை வேறு வழியில் திரும்பியிருக்கும்.

நானும் உற்சாகத்தோடு எழுதத் தொடங்கினேன். “கண்ணைக் கவரும் வனப்பு”, “கிடைத்தற்கரிய வாய்ப்பு” என்று அடைமொழிகள் வரிசையாக வந்தன. வாசித்துப் பார்த்த மாணவன் சிரித்துவிட்டான்.

“மாஸ்ரர், இதில ஒரு இலக்கமும் இல்லையே!”

அன்று மாலை ஆசிரியன் மாணவனானேன்.

மரச் சில்லும் உலோகச் சில்லும்

சில்லு என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது மாட்டு வண்டியின் சில்லே. நடுவிலே குடம், குடத்திலிருந்து கதிர்போல் விரியும் ஆரக்கால்கள், அவற்றை வளைத்து நிற்கும் வட்டை, வட்டையைச் சுற்றிக் காய்ச்சி இறுக்கிய இரும்புப் பட்டம். மோட்டார் வண்டியின் தொடக்க காலத்துச் சில்லுகள் பலவும் இம்மரச் சில்லின் வழித்தோன்றல்களே. கம்பி ஆரங்கள் கொண்டவையும் இருந்தன. அவற்றையடுத்து உருக்குத் தகட்டை அழுத்திச் செய்த சில்லு வந்தது.

1924ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, பிரான்ஸ் நாட்டின் லியோன் நகருக்கு அண்மையில் நடந்த கிராண்ட் பிறி ஓட்டப் போட்டியில், எட்டோரே புகாட்டி என்பார் தமது 35ஆம் இலக்க மாதிரி வண்டிகளைக் களத்தில் இறக்கினார். அவற்றின் சில்லுகள் அலுமினியக் கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டவை. தட்டையான எட்டு ஆரங்களை உடையவை. பிரேக்கின் உருளையும் அதே வார்ப்பில் ஒன்றாக அமைந்தது. அன்று ரயர்கள் சிதைந்தமையால் வெற்றி கிட்டவில்லை. ஆயினும் அந்தச் சில்லு காட்டிய வழி நிலைத்தது. 1966ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் தனது 911 எஸ் வண்டிக்கு, ஃபுக்ஸ் என்னும் உலோகத் தொழிலகத்தார் அலுமினியத்தை வார்க்காது அழுத்தி அடித்துருவாக்கிய சில்லைப் பூட்டியது. ஐந்து இதழ் கொண்ட மலர் போன்ற அச்சில்லு இன்றும் விரும்பித் தேடப்படுகின்றது. 1970ஆம் ஆண்டிலே கருங்காட்டு மலைப்பகுதியில் உள்ள ஷில்டாக் என்னும் சிற்றூரிலே பி.பி.எஸ். நிறுவனம் தோன்றியது. அதன் பெயரில் உள்ள மூன்று எழுத்துகளுள் இரண்டு அதனைத் தொடங்கியோர் இருவரின் பெயர்களைக் குறிப்பன. மூன்றாவது அவ்வூரின் பெயரைக் குறிப்பது. 1996ஆம் ஆண்டிலே யப்பானின் றேய்ஸ் நிறுவனம் ரி.இ. 37 என்னும் சில்லை வெளியிட்டது. 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் உடைய சில்லொன்றின் நிறை 3.7 கிலோகிராம் என்பதே அப்பெயரில் வரும் 37 என்னும் எண்ணின் விளக்கம்.

பொருளின் பெயரிலேயே நிறையை எழுதிவைப்பானேன்? முதுகிற் சுமக்கும் ஒரு கிலோவும் காலிற் கட்டிய ஒரு கிலோவும் சமமல்ல என்பதை நடந்து பார்த்தவர் அறிவர். வண்டியின் வில்லுகளுக்கு மேலே இருக்கும் பாரத்தை வில்லுகள் தாங்கிக்கொள்கின்றன. சில்லின் பாரமோ வில்லுகளுக்குக் கீழே இருப்பது. வீதியின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் சில்லு நேராக எதிர்கொள்கின்றது. பாரமான சில்லு மேட்டில் எறியப்பட்டால் மீண்டும் நிலத்தைத் தொடத் தாமதமாகும். அந்த இமைப்பொழுதில் ரயரின் பிடி தளரும். மேலும், சில்லை உருட்டவும் நிறுத்தவும் அதன் பாரத்துக்கேற்ற விசை வேண்டும். அலுமினியத்தின் அடர்த்தி உருக்கின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்களவே. வேக வண்டிக்காரர் கலப்புலோகச் சில்லை நாடுவது வெறும் அலங்காரத்துக்காக அன்று என்பது இதனாற் புலப்படும். அதேவேளை, கலப்புலோகம் என்ற பெயர் ஒன்றே இலேசுக்குச் சான்றாகாது. மலிவாக வார்த்த சில்லு உருக்குச் சில்லளவு பாரமாயிருப்பதும் உண்டு.

உலோகமும் களைக்கும்

“பாவிக்காத” என்னும் சொல்லுக்குச் சில்லு வாணிகத்திலே தனி மதிப்பு உண்டு. அதற்குக் காரணம் புதுமை மோகம் மட்டுமன்று. உலோகமும் களைக்கும்.

கம்பியொன்றை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது முறிகின்றது. ஓடும் சில்லும் ஒவ்வொரு சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கின்றது. இம்பிறெசா போன்ற வண்டியின் ரயர் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் தூரம் செல்லும். அப்படியாயின் ஒரு கிலோமீற்றருக்கு 500 சுற்றுகள். 10,000 கிலோமீற்றருக்கு 50 இலட்சம் சுற்றுகள். உருக்குக்கு ஓர் எல்லை உண்டு; அதற்குக் கீழ்ப்பட்ட விசையை எத்தனை முறையாயினும் அது பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. ஆகையாற்றான் நல்ல சில்லு செய்வோர் உலோகத்துக்கு வேண்டிய தடிப்பை ஆராய்ந்து கொடுக்கின்றனர். அவ்வாறு செய்த சில்லு நெடுங்காலம் உழைக்கும். ஆயினும் அது ஆழ்ந்த குழியில் விழுந்து எழுந்ததா, நடைபாதைக் கல்லில் மோதியதா, வளைந்தபின் அடித்து நிமிர்த்தப்பட்டதா என்பதை மேற்பூச்சு வெளிக்காட்டாது. ஓடிய சில்லை வாங்குபவன் அதன் அறியப்படாத கடந்த காலத்தையும் சேர்த்தே வாங்குகின்றான். ஓடாத சில்லுக்குக் கடந்த காலம் இல்லை. அதற்காகவே அவன் மேலதிக விலை கொடுக்கின்றான். எனவே, ஓடிய சில்லைத் துடைத்து நிறம் பூசி “பாவிக்காதது” என்று விற்பவன் வாங்குபவனின் பணத்தை மட்டும் கவரவில்லை.

இவ்விளக்கத்தைக் கேட்டபின் நான் இயல்பாகவே கேட்டேன்: “அப்ப, இந்த நாலையும் ஒருக்காலும் பூட்டேல்லையோ?”

மாணவன் சற்றுத் தயங்கினான். “ஒண்டை மட்டும் ஒருக்காப் பூட்டிப் பாத்தனான் மாஸ்ரர். முன் பிரேக்கில முட்டுதோ எண்டு பாக்க. ரயர் போடேல்லை, வண்டி நிண்ட இடத்திலைதான் நிண்டது.”

அந்தச் சில்லை எடுத்துக் காட்டினான். ஆணித் துளைகளின் சாய்ந்த விளிம்பிலே, சுரைகள் அழுத்திய இடத்தில், நிறப்பூச்சு வட்டமாக மழுங்கியிருந்தது. சில்லு பூட்டப்பட்டதா என்பதை அறிய விரும்புவோர் முதலில் நோக்கும் இடம் அதுவே. ரயர் ஏற்றிக் கழற்றிய சில்லாயின் விளிம்பின் உட்புறத்திலே உராய்வு இருக்கும். சமநிலைக்காக எடைத்துண்டு ஒட்டிய பசையின் அடையாளமும் இருக்கும். ஓடிய சில்லாயின் உட்பக்கத்தின் மூலைகளிலே பிரேக்கின் கருந்தூள் படிந்திருக்கும். இதிலோ சுரைகளின் தடத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

“இதையும் எழுதுவமோ?” என்றேன்.

“எழுதினால் விலை குறைஞ்சிடும் மாஸ்ரர்.”

“எழுதாட்டி?”

அவன் மறுமொழி கூறவில்லை. சிறிது நேரங்கழித்து, “எழுதுங்கோ” என்றான்.

எண்களே அடைமொழிகள்

பின்னர் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விட்டம் 18 அங்குலம். அகலம் 8 அங்குலம். ஆணித் துளைகள் 5. அவற்றின் நடுப்புள்ளிகள் வழியே வரைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர். பத்திலொரு மில்லிமீற்றர் வரை இத்துணைத் துல்லியம் ஏன் என்று வியந்தேன். அது பழைய அளவையில் நாலரை அங்குலம் என்று கணக்கிட்டுக் காட்டினான். இவ்வட்டம் வண்டிக்கு வண்டி வேறுபடும். மேர்சிடிஸ் வண்டிகள் பலவற்றுக்கு 112; போர்ஷே வண்டிகள் பலவற்றுக்கு 130. ஒன்றுக்குரிய சில்லு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

அடுத்த எண் 48. சில்லின் அகலத்தை இரு கூறாக்கும் நடுக்கோட்டுக்கும், அது வண்டியோடு பொருந்தும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம் 48 மில்லிமீற்றர். இவ்வெண் குறையக் குறையச் சில்லு வண்டியை விட்டு வெளித்தள்ளி நிற்கும். ரயர் மேல் மூடியில் உராயும். குடத்தின் உருளைத் தாங்கிகளுக்குப் பாரம் கூடும். எண் மிகுந்தாற் சில்லு உள்ளே சென்று வில்லிலோ பிரேக்கிலோ முட்டும். அதன்பின் நடுத்துளை. சில்லிலே அது 73.1 மில்லிமீற்றர்; வண்டியின் குடத்திலோ 56.1. பல வண்டிகளுக்கும் பொருந்துமாறு துளையைப் பெரிதாக விட்டு, இடைவெளியை நிரப்ப வளையமொன்றை உடன் கொடுப்பர். வளையத்தை மறந்து பூட்டினாற் சில்லு நடுவில் அமையாது. ஓடும்போது வண்டி நடுங்கும்.

இறுதியாகப் பாரத்தின் எண். ஒரு சில்லு 690 கிலோகிராம் தாங்கும் என்று உட்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. மயிலிறகேயானாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவரை அவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணுக்கு அருகே ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரையும், வீ.ஐ.ஏ. என்ற முத்திரையும் இருந்தன. முன்னது யப்பானிய இலேசுக் கலப்புலோகச் சில்லுக்குரிய விதிகளுக்கு இச்சில்லு இணங்கியது என்று செய்தவர் தாமே கூறுவது. பின்னது அதனைப் பிறரும் சோதித்து உறுதிப்படுத்தியது. வளைத்துச் சுழற்றியும், பாரம் ஏற்றி உருட்டியும், எடையை விழுத்தி மோதவிட்டும் செய்யும் சோதனைகள் அவை. ஜேர்மனியிலோ கட்டுப்பாடு மேலும் கடுமையானது. அவ்வண்டிக்கு ஏற்றது என்ற அங்கீகாரப் பத்திரம் இல்லாத சில்லைப் பூட்டினால், வண்டியை வீதியில் ஓட்டும் அனுமதியையே இழக்க நேரும்.

எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். அடைமொழி ஒன்றேனும் இல்லை. ஆயினும் என் முதல் விளம்பரத்தைவிட இது நூறு மடங்கு பேசிற்று. நம்மூர் வண்டிச் சில்லுக்கு இத்தனை எண்கள் வேண்டியிருக்கவில்லை. செய்தவரும், வாங்கியவரும், வண்டியும், மாடும் ஓர் ஊரிலேயே இருந்தனர். சில்லு பிழைத்தாற் போய்க் கேட்க ஒரு வாசல் இருந்தது. இன்று செய்தவர் யப்பானிலே, விற்பவர் இலண்டனிலே, வாங்குபவர் முகமறியாத இடத்திலே. அந்த அயலவரின் வாசலுக்குப் பதிலாக நிற்பவை இவ்வெண்களே.

வந்தவர் இருவர்

விளம்பரம் வெளியான மூன்றாம் நாள் ஓர் ஆங்கில இளைஞன் வந்தான். இருபது வயதைச் சற்றே கடந்திருப்பான். சில்லுகளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. விலையைக் குறைக்கும்படியும் கேட்கவில்லை. பணத்தைக் கையிலே கொண்டு வந்திருந்தான். மாணவன் அவனுடைய வண்டியைப் பார்க்க வாசலுக்குப் போனான். அதுவும் இம்பிறெசாவே, அதே காலத்து உடலமைப்பே. ஆனால் அது எஸ்.ரி.ஐ. அன்று, டபிள்யூ.ஆர்.எக்ஸ். என்னும் வகை. 2005ஆம் ஆண்டு மாதிரி தொட்டு எஸ்.ரி.ஐ. வண்டிகளின் ஆணி வட்டம் 114.3 ஆக மாறியது. அதன் உடன்பிறப்பான டபிள்யூ.ஆர்.எக்ஸ். வண்டிக்கோ அது 100 ஆகவே இருந்தது. புறத்தோற்றத்தில் இரட்டையர் போன்ற இரு வண்டிகளுக்கு இடையே, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு இது.

இளைஞன் தளரவில்லை. இடைத்தகடு வைத்துப் பூட்டிக்கொள்வேன் என்றான். இல்லையேல் சில்லிலே புதிய துளைகள் இடுவித்துக்கொள்வேன் என்றான். மாணவன் பொறுமையோடு விளக்கினான். 25 மில்லிமீற்றர்த் தகடு வைத்தால் 48 என்ற எண் 23 ஆகிவிடும். அத்தனை தூரம் சில்லு வெளியே நிற்கும். வலிமை கணித்துச் செய்த உலோகத்திலே பழைய துளைகளுக்கு இடையே புதிய துளைகள் இட்டால், எஞ்சும் உலோகத்துக்கு எவரும் பொறுப்பேற்கமாட்டார். “அது என்னுடைய பொறுப்பு, உமக்கென்ன?” என்றான் இளைஞன். சட்டப்படி அவன் கூற்றிலே நியாயம் இல்லாமலுமில்லை. விளம்பரத்திலே எல்லா எண்களும் இருந்தன. பணம் மேசைமீது இருந்தது. அந்த மாதம் அப்பணம் என் மாணவனுக்கு எத்துணை வேண்டியிருந்தது என்பதை நான் அறிவேன்.

அவன் பணத்தை எடுத்து இளைஞனின் கையிலே திருப்பிக் கொடுத்தான். இளைஞன் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

“பெடியன் மாஸ்ரர். வண்டியை மெதுவாய் ஓட்டுற வயசே அது? நான் வித்திட்டு எப்பிடி நித்திரை கொள்ளுறது?” என்றான்.

இரு வாரங்கள் எவரும் வரவில்லை. பின்னர் ஒரு முதியவர் வந்தார். வண்டி திருத்தும் தொழில் செய்தவர். சட்டைப் பையிலிருந்து வேணியர் இடுக்கிமானியை எடுத்து நடுத்துளையை அளந்தார். ஆணித் துளைகளை விளக்கொளியில் ஒவ்வொன்றாக நோக்கினார். சுரையின் தடம் பதிந்த சில்லைக் கண்டதும் தலையசைத்தார். “ஒரு முறை பூட்டிய தடம் உண்டு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைக் கண்டுதான் வந்தேன். அதை எழுதியவர் மற்றவற்றையும் மறைத்திருக்கமாட்டார்” என்றார். அதே தடத்தைக் காரணங்காட்டி விலையிலும் ஐம்பது பவுண் குறைத்துக்கொண்டார். வாணிகம் வாணிகந்தானே!

சட்டமும் அதற்கப்பாலும்

விற்ற பொருள், விற்றவர் கூறிய வருணனைக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்பது இங்கிலாந்தின் 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் விதி. வியாபாரியல்லாத தனியாள் விற்றாலும் இவ்விதி செல்லும். நமது நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், அதற்கு மூன்றாண்டு முந்திய ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி எழுந்ததாகலின், அதே விதியை உடையது. வருணனை என்னும் சொல்லை நாம் இலக்கிய வகுப்பிலே கற்பிக்கின்றோம். காடு வருணனை, கடல் வருணனை என்று மாணவர்க்குக் கட்டுரைப் பொருள் கொடுக்கின்றோம். சொன்ன சொல்லுக்குப் பொருள் பொறுப்புச் சொல்லவேண்டிய வருணனையும் ஒன்று உண்டு என்பதை என் ஆசிரிய வாழ்விலே நான் கற்பித்ததில்லை.

சட்டம் சொல்லைக் காக்கும். ஆனால் அந்த இளைஞனைச் சட்டம் காத்திராது. விளம்பரத்தில் பிழை இருக்கவில்லை. அவனைக் காத்தது, விற்பவன் வாசல்வரை நடந்து வண்டியைப் பார்த்தமையே. ஓடிய பொருள் தன் குறையைத் தானே காட்டும். ஓடாத பொருளோ வாய் திறவாது. அதற்காக விற்பவனே பேசவேண்டும். பாவிக்காத சில்லின் விலையிலே பாதி உலோகத்துக்குரியது என்றால், மற்றப் பாதி அவனுடைய பேச்சுக்குரியது.

முதியவர் தமது வண்டியை வாசலிலேயே உயர்த்தி, ஒரு சில்லைக் குடத்திலே பொருத்திப் பார்த்தார். அது இடைவெளியின்றிச் சென்று அமர்ந்தது. அதன்பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தார். வெறுமையான கொட்டகையை மாணவன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் அந்த இடத்திலே பிள்ளையின் முச்சில்லு வண்டி நின்றது.